ஒண்ணே ஒண்ணு

கொருக்குப்பேட்டை கேட்டைப் போட்டுவிட்டால்
என் பதினோரு மணி நோயாளிகள்
பதினொன்றரைக்குத்தான் வருவார்கள்.
சரக்கு ரயில் நீளம்.
எனக்கு ஒரு டீ குடிக்க நேரம்.

எத்திராஜ் அப்படித்தான் தாமதமாக வந்தார்.
காசிமேட்டிலிருந்து ஐஸும் மீனும் ஏற்றும் மீன்பாடி வண்டி.
"வவுறு எரியுது மேடம், மாத்திரை குடுத்தா போதும்."
ரத்த அழுத்தம் நூற்று அறுபதுக்கு நூறு.
பட்டையைக் கழற்றும்போது பார்த்தேன்,
முழங்கையில் ஆறிய காயம், அதன்மேல் ஆறாத இன்னொன்று.

முன்பெல்லாம் "குடிப்பீங்களா?" என்றுதான் கேட்பேன்.
தலை குனியும். "இல்ல மேடம்."
ஐந்து வருடம் அந்த 'இல்ல'வை எழுதி எழுதி
நோட்டுகள் தீர்ந்தன.
என் கேள்விக்குள் ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார்,
எனக்குத்தான் தெரியவில்லை.

இப்போது
சர்க்கரை உண்டா, பீடி உண்டா, தூக்கம் வருதா என்கிற அதே மூச்சில்
பூக்காரம்மாவிடம் கேட்கிறேன்.
காய்ச்சலுக்கு வந்த கணக்கு டீச்சரிடம் கேட்கிறேன்
(அவர் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன்).
"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான்.
கடைசியா எப்போ குடிச்சீங்க?"

"நேத்து நைட்டு."
"எவ்ளோ?"
"ஒண்ணே ஒண்ணு மேடம்."
சூடம் வாங்குகிறவர் மாதிரி சொன்னார்.
"ஒண்ணுன்னா?"
"குவார்ட்டர்."

மருந்து அளக்கும் பிளாஸ்டிக் கிண்ணங்களை
பிலோமினா சிஸ்டர் எடுத்துக் கொடுத்தார்.
முப்பது மில்லி, முப்பது மில்லியாகத் தண்ணீர் ஊற்றினேன்.
மேசையில் ஆறு கிண்ணங்கள்.
கூடை எண்ணுகிற விரலால்
ஒவ்வொன்றையும் தொட்டு எண்ணினார்.
மறுபடி எண்ணினார்.
"இது ஆறா?"
"ஆறு."
"ஞாயித்துக்கெழம இன்னும் கொஞ்சம் ஆவும்" என்றார்,
நான் கேட்காமலே.

"குடிச்சா என்ன நல்லாருக்கு?"
இதை அவரிடம் யாரும் கேட்டதில்லை போல.
சுவரில் இருந்த தடுப்பூசி அட்டவணையைப் பார்த்துக்கொண்டே
"ஐஸ் பொட்டி தூக்குன தோளு பேசாம கெடக்கும்" என்றார்.
"என்ன நல்லால்ல?"
மின்விசிறி மட்டும் கடகடத்தது.
"சின்னது, நான் படியேறுற சத்தம் கேட்டாலே
கண்ண மூடிக்குது மேடம்.
தூங்குற மாதிரி."

இந்த இடத்தில்தான்
அறிவுரை தொண்டைக்கு வரும்.
விழுங்கிவிட்டேன்.
அவர் சொன்னதைவிட நல்லதாக
நான் என்ன சொல்லிவிடப்போகிறேன்.

"இன்னிக்கே வுட்டுர்றேன். சத்தியமா."
"வேணாம்."
நிமிர்ந்து பார்த்தார்.
"காலைல கை நடுங்குதா?"
"டீ கிளாஸ ரெண்டு கையால புடிப்பேன்."

போன கார்த்திகையில் ஒருவர்
மாலை போட்டு ஒரே நாளில் நிறுத்தினார்.
சபாஷ் என்று அனுப்பியது நான்தான்.
மூன்றாம் நாள் வலிப்பு.
ஸ்டான்லியில் அவர் நெற்றியில் தையல் போட்டார்கள்,
கறுப்பு வேட்டியோடு.
அந்த சபாஷ் இன்னும் என் வாயில் கசக்கிறது.

அதனால் எத்திராஜிடம் சொன்னேன்:
சட்டென்று நிறுத்தக் கூடாது.
ஆஸ்பத்திரியில் படுத்தால் பத்திரமாக, சீக்கிரமாக நிறுத்தலாம்.
"வண்டி ஓடணுமே மேடம்."
சரி, மாத்திரை தருகிறேன், வைட்டமின் தருகிறேன்,
தினம் வந்து முகத்தைக் காட்ட வேண்டும்,
கிண்ணம் கிண்ணமாகக் குறைப்போம்.
நடுக்கம் கூடினாலோ, இல்லாதது கண்ணில் தெரிந்தாலோ
அந்த நிமிடமே ஸ்டான்லி.
"சம்சாரத்துகிட்ட இதை நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"
"நானே சொல்றேன்" என்றார்.
போகும்போது ஒரு கிண்ணத்துத் தண்ணீரை எடுத்துக் குடித்தார்.
தாகமாம்.

மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும்.
வியாழக்கிழமை வரவில்லை.
கேட் மூடித் திறந்தது, மூடித் திறந்தது.
சிஸ்டர் இரண்டு முறை போன் போட்டார்.
எனக்கு டீ இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை, மீன் வாடையோடு,
வரிசையில் கடைசியாக நின்றார்.
"நேத்து?"
தரையைப் பார்க்கவில்லை.
"நாலு மேடம்."

நோட்டில் எழுதினேன்.
நாலு.